பீம் முனையில் ஸ்டட் ஏன் கூடாது? நிலநடுக்கத்தில் சிலாப் செய்கிற வேலை

சென்னையில் ஒரு டீடெய்லிங் அலுவலகத்தில் இருந்துகொண்டு, கலிஃபோர்னியாவில் எழும்பப்போகும் ஐந்து மாடி ஸ்டீல் கட்டடத்துக்கு ஷாப் டிராயிங் (தொழிற்சாலையில் பார்த்துச் செய்வதற்கான படம்) போடுகிறீர்கள். பீம்களின் மேல் ஃபிளாஞ்சில், அதாவது ஐ வடிவத்தின் மேல் பட்டையில், 300 மி.மீ.க்கு ஒன்று என்று ஷியர் ஸ்டட் வருகிறது, பீமையும் காங்கிரீட் தளமான சிலாபையும் சேர்த்துப் பிடிக்கிற குட்டைக் கம்பி. ஆனால் தூணை ஒட்டிய இரண்டடி நீளத்துக்கு மட்டும் கோடு போட்டு, ‘பாதுகாக்கப்பட்ட பகுதி, ஸ்டட் கூடாது’ என்று எழுதியிருக்கிறார்கள். சிலாபுக்கும் தூணுக்கும் நடுவே 25 மி.மீ. சந்து விட்டு ஃபோம் வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். “ஸ்டட் அடித்தால் பீமும் சிலாபும் ஒன்றாகி வலு கூடும் என்றுதான் கல்லூரியில் படித்தோம். நிலநடுக்கத்தில் அடி அதிகம் விழுகிற இடமே தூணோரம்தான். அங்கே போய் ஏன் வலுவைக் குறைக்கிறார்கள்?” என்பது உங்கள் கேள்வி.

இதற்கு ‘கோடு அப்படிச் சொல்கிறது’ என்று, கட்டட விதிநூலைக் காட்டி, ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, நிலநடுக்கத்தில் சிலாப் பீமுக்குத் துணையா, சுமையா என்பதைத்தான். வலு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. புவியீர்ப்புச் சுமைக்கு அந்த நம்பிக்கை சரி. நிலநடுக்கத்துக்குச் சரியல்ல. ஸ்டீல் சட்டகங்களை வடிவமைக்கிற வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன், அதில் நான்கு வருடம் கலிஃபோர்னியாவில். இந்த ஒரு விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொள்ளவே சில வருடங்கள் ஆயின. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் டிராயிங்கை நான் பார்க்கவில்லை. இரண்டடி என்று நீங்கள் சொல்வதை வைத்து, பீமின் ஃபிளாஞ்சைத் தூணருகே இருபுறமும் வளைவாக வெட்டிக் குறுக்குகிற டாக்போன் வகை இணைப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நமக்குப் பழகிய கணக்கு. எட்டு மீட்டர் நீள ஐ.எஸ்.எம்.பி. 450 (450 மி.மீ. ஆழமுள்ள இந்திய ஐ பீம்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், 250 எம்.பி.ஏ. வலிமையுள்ள ஸ்டீல். தனி பீமாக அதன் முழு பிளாஸ்டிக் மொமென்ட், அதாவது அது தாங்கக்கூடிய அதிகபட்ச வளைப்பு, சுமார் 383 கிலோநியூட்டன்-மீட்டர். மேலே 130 மி.மீ. சிலாப், அதில் கீழ் 55 மி.மீ. மெட்டல் டெக்கின் (காங்கிரீட்டுக்கு அடியில் விரிக்கிற தகடு) மடிப்பு, மேல் 75 மி.மீ. முழுக் காங்கிரீட், எம்25 தரம். போதுமான ஸ்டட் இருந்தால், நடு ஸ்பானில் இரண்டு மீட்டர் அகலச் சிலாப் அழுத்தத்தைத் தாங்க, முழு ஸ்டீலும் இழுவையில் நிற்கும். பாதுகாப்புக் காரணிகள் போடாமல் பார்த்தால் மொமென்ட் ஏறக்குறைய 740. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு கிலோ ஸ்டீல்கூடக் கூட்டாமல் கிடைக்கிற இந்த வலுவுக்காகத்தான் உலகம் முழுக்க காம்போசிட் பீம் போடுகிறார்கள். நீங்கள் படித்ததில் தவறில்லை.

இப்போது தூணருகே வாருங்கள். நிலநடுக்கம் கட்டடத்தை இடமும் வலமும் ஆட்டும்போது ஸ்பானின் நடுவில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மொமென்ட் முழுக்க முனைகளில்தான். ஒரு நொடி முனை கீழ்நோக்கி வளைந்து சிலாப் அழுத்தத்தில் இருக்கும். அடுத்த நொடி மேல்நோக்கி வளைந்து அதே சிலாப் இழுவையில் போய் விரியும். விரிந்த காங்கிரீட் இழுவையைத் தாங்காது, கம்பி மட்டும்தான். நம் பீமில் 10 மி.மீ. கம்பி எட்டு இருந்தால் மொமென்ட் 475 அளவுக்கு வரும். மறுபக்கம் வளையும்போது 740 கிடைக்குமா? கிடைக்காது. சிலாபில் சேர்ந்த அழுத்தம் எங்கேயாவது போய் முட்டினால்தானே விசை. தூண் ஃபிளாஞ்சின் அகலம் 300 மி.மீ. என்றால், நேராக முட்டுவது அந்த 300 மி.மீ. காங்கிரீட் மட்டும்தான். மீதி அகலம் தூணின் பக்கவாட்டில் சாய்வாகத் தள்ளப் பார்க்கும். அதற்குத் தகுந்த குறுக்குக் கம்பி இருந்தால் கொஞ்சம் சேரும், இல்லாவிட்டால் காங்கிரீட் பிளந்துகொள்ளும். நேராக முட்டுவதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 490 பக்கம் வருகிறது. ஆக, நீங்கள் நினைத்த இரண்டு மடங்கு வலு தூணோரத்தில் இல்லவே இல்லை. இருப்பது கால்பங்குக்குச் சற்று அதிகமான கூடுதல். அதுவும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நொறுங்கிக் குறைந்துகொண்டே போகிற கூடுதல்.

அந்தக் கால்பங்கு கிடைக்கட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று என்று தோன்றும். இங்கேதான் நிலநடுக்க வடிவமைப்பு மற்றதிலிருந்து பிரிகிறது. பெரிய நிலநடுக்கத்தின் முழு விசைக்கும் கட்டடத்தை அசையாமல் நிறுத்த நாம் முயல்வதில்லை. இந்திய நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893-ல் சிறப்பு ஸ்டீல் மொமென்ட் சட்டகத்துக்கு, அதாவது பீம்-தூண் இணைப்புகளின் வளைப்பு வலுவாலேயே ஆட்டத்தைத் தாங்குகிற சட்டகத்துக்கு, விசையைக் குறைக்கிற ஆர் மதிப்பு 5. அதாவது வரக்கூடிய விசையை ஐந்தால் வகுத்து, அதற்குத்தான் வடிவமைக்கிறோம். மீதியைக் கட்டடம் எப்படிச் சமாளிக்கும்? சில இடங்களில் ஸ்டீல் ஈல்டு ஆகி, அதாவது உடையாமல் நிரந்தரமாக உருமாறி, நீண்டு சுருங்கி, அந்த ஆற்றலை விழுங்கும். அந்த இடங்கள் எவை என்று முன்கூட்டியே நாம் தீர்மானிக்கிறோம். பீமின் முனை விட்டுக்கொடுக்க வேண்டும். வெல்டிங் விட்டுக்கொடுக்கக் கூடாது, தூண் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வீட்டில் ஃபியூஸ் போனால், அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியாகப் பார்த்துச் சுற்றி வைத்த வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்த முறை ஃபியூஸ் போகாது. மோட்டார் காயில் எரியும். பீம் முனை இந்தச் சட்டகத்தின் ஃபியூஸ். அதற்குத் தெரியாமல் வலு ஏற்றினால், அந்த ஏற்றிய வலுவுக்கு ஈடான விசை பக்கத்தில் இருக்கிற வெல்டிங்குக்கும் தூணுக்கும் போகும். நம் கணக்கையே பாருங்கள். நடுத் தூணில் இரண்டு பக்கமும் பீம். சிலாப் இல்லாவிட்டால் தூண் தாங்க வேண்டியது 383-ம் 383-ம் சேர்ந்து 766. சிலாப் சேர்ந்தால் ஒரு பக்கம் 490, மறு பக்கம் 475, மொத்தம் 965. நூற்றுக்கு இருபத்தாறு கூடுதல். இதோடு ஸ்டீலின் உண்மையான ஈல்டு வலிமை தாளில் உள்ளதைவிடப் பெரும்பாலும் அதிகம். ஏ992 ஸ்டீலுக்கு 1.1 மடங்கு, பழைய ஏ36 உருட்டுப் பிரிவுகளுக்கு 1.5 மடங்கு என்று அமெரிக்கக் கோடே வைத்திருக்கிறது. ஈல்டு ஆனபின் ஸ்டீல் கெட்டிப்படுவதற்கு இன்னும் ஒரு 1.2 வரை. இவை ஒன்றோடொன்று பெருகும். பீம் எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தால், உடைவது தூணாகிவிடும். பீம் ஈல்டு ஆனால் தளம் கொஞ்சம் தொய்யும். தூண்கள் ஒரு மாடியில் வரிசையாக விட்டுக்கொடுத்தால் அந்த மாடியே போகும்.

இது தாளில் மட்டும் இருந்த பயம் அல்ல. 1994 ஜனவரி 17 அதிகாலை 4:31-க்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வடமேற்கே நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம். வெல்டிங் செய்த ஸ்டீல் மொமென்ட் சட்டகம்தான் நிலநடுக்கத்துக்கு மிக நல்லது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். அன்று அப்படிப்பட்ட கட்டடம் ஒன்றுகூட விழவில்லை. பலவற்றில் வெளியிலிருந்து பார்க்கப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சுவர்ப் பலகையையும் தீத்தடுப்புப் பூச்சையும் உரித்துப் பார்த்தபோதுதான், நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களில் பீம்-தூண் வெல்டிங் கண்ணாடி உடைவதுபோல உடைந்திருந்தது தெரிந்தது. ஸ்டீல் நீளவே இல்லை, நேராக விண்டிருந்தது. சில இடங்களில் பிளவு தூணின் ஃபிளாஞ்சுக்குள்ளேயே புகுந்திருந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபேயில் நடந்த நிலநடுக்கத்திலும் பீம்-தூண் இணைப்புகளில் இதைப் போன்ற உடைவுகள் கிடைத்தன.

நம் விஷயத்துக்கு முக்கியமானது எங்கே உடைந்தது என்பது. பெரும்பாலும் கீழ் ஃபிளாஞ்சின் வெல்டிங்கில். மேலேயும் கீழேயும் ஒரே அகலம், ஒரே தடிமன், ஒரே வெல்டிங். பிறகு ஏன் கீழே மட்டும்? ஒரு காரணம் சிலாப். தனி பீமில் நியூட்ரல் ஆக்சிஸ், அதாவது நீளவும் சுருங்கவும் செய்யாத அச்சு, நட்ட நடுவில் இருக்கும். நம் உதாரணத்தில் மேலும் கீழும் 225 மி.மீ. சிலாப் தூணில் முட்டித் தள்ளும்போது அந்த அச்சு மேலே ஏறும். மேலே சொன்ன 490 கணக்கில் அது 81 மி.மீ. ஏறுகிறது. அப்போது கீழ் ஃபிளாஞ்சுக்குத் தூரம் 306, மேல் ஃபிளாஞ்சுக்கு 144. முனை அதே அளவு திரும்பினாலும் கீழே நீட்சி 1.36 மடங்கு, மேலே 0.64 மடங்கு. சிலாபின் உதவி முழுக்க மேலே போய்ச் சேர, அதற்கான விலையைக் கீழ் வெல்டிங் கொடுத்திருக்கிறது. அந்த நாட்களில் மொமென்ட் சட்டகத்தைப் பெரும்பாலும் தனி ஸ்டீலாகவே கணக்குப் போட்டார்கள். சிலாபை விட்டுவிட்டால் பாதுகாப்பான பக்கம் என்று நினைத்தார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் சிலாப் மேல் போடுவது நியாயமில்லை. கீழ் வெல்டிங்கை மேலே உட்கார்ந்துகொண்டு, வெப்பில் (ஐ வடிவத்தின் நடுவில் நிற்கும் தகடு) வெட்டிய ஓட்டை வழியாகச் செய்ய வேண்டும். வெப் குறுக்கே நிற்பதால் வெல்டர் ஃபிளாஞ்சின் நடுவிலேயே நிறுத்தி, மறுபக்கம் போய்த் தொடங்க வேண்டும். குறை விழுகிற இடம் அதுதான், அல்ட்ராசோனிக் சோதனையில் சரியாகத் தெரியாத இடமும் அதுதான். அடியில் வைத்த பேக்கிங் பட்டையை எடுக்காமல் விட்டார்கள். கீழ் ஃபிளாஞ்சில் அது நீட்சி அதிகமான வெளி முகத்தில் ஒரு வெட்டுப்போல உட்கார்ந்திருக்கும், மேல் ஃபிளாஞ்சில் உள் முகத்தில் இருக்கும். அன்று பரவலாகப் பயன்படுத்திய இ70டி-4 வெல்டிங் கம்பி வேகமாக நிரப்பும், ஆனால் பிளவைத் தடுத்து நிறுத்துகிற தன்மை அதற்குக் குறைவு. இன்றைய கோடு முக்கிய வெல்டிங்குக்கு 21 டிகிரியில் 54 ஜூல் கேட்பது அந்த அனுபவத்தால்தான். இவை எல்லாம் ஒரே இடத்தில் கூடியதால் உடைந்தது. கீழ் ஃபிளாஞ்சில் நீட்சியைச் சிலாப் கூட்டியது என்பது நிச்சயம். மொத்தக் கேட்டில் அதன் பங்கு எத்தனை சதவீதம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. வெல்டிங்கைத் திருத்தியபின் சிலாபோடு செய்த பல சோதனைகள் நன்றாகவே தாங்கின என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதன் பின் ஆறு வருட ஆய்வு நடந்து, 2000-ல் அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பின் ஃபெமா 350 வழிகாட்டி வந்தது. அதில் வந்த தீர்வுகளில் ஒன்றுதான் உங்கள் டாக்போன். பீமைத் தூணருகே வேண்டுமென்றே மெலிய வைத்து, ஈல்டு ஆகும் இடத்தை வெல்டிங்கிலிருந்து தள்ளிக் கொண்டுபோகிறார்கள். தூண் முகத்திலிருந்து ஃபிளாஞ்ச் அகலத்தில் பாதி முதல் முக்கால் வரை விட்டு, பீம் ஆழத்தில் 0.65 முதல் 0.85 வரை நீளத்துக்கு வளைவு வெட்டு. இரண்டையும் கூட்டினால் 600 மி.மீ. ஆழ பீமுக்கு ஏறக்குறைய இரண்டடி. நீங்கள் பார்த்த கோடு அதுதான்.

இப்படிப்பட்ட ஒரு பீமை ஆய்வகத்தில் ஆட்டுவதை நேரில் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பீம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், நம் ஊரில் பொங்கலுக்கு முன் சுவருக்கு அடிப்போமே, அதே சுண்ணாம்பு. ஜாக் மெல்லத் தள்ள, இழுக்க. ஒரு சதவீதச் சாய்வு வரை ஒன்றும் இல்லை. அதைத் தாண்டியதும் வெட்டின் நடுப்பகுதியில் சுண்ணாம்பு மெல்லிய சாய்கோடுகளாகச் சொரசொரவென்று உதிரத் தொடங்கியது. அடியில் ஸ்டீலின் மேல்தோல் உரிகிறது என்று அர்த்தம். மூன்று சதவீதத்தில் அந்த இரண்டடி மொத்தமும் கறுத்துவிட்டது, ஃபிளாஞ்ச் கண்ணுக்குத் தெரியும்படி அலையடித்திருந்தது. ஆனால் தூணோர வெல்டிங்கில் சுண்ணாம்பு அப்படியே வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் சிலாபைப் பார்த்தால், தூண் முகத்தில் காங்கிரீட் கைப்பிடி அளவு நொறுங்கித் தரையில் கிடந்தது. சிறப்புச் சட்டக இணைப்பு 0.04 ரேடியன், அதாவது நான்கு சதவீதச் சாய்வை வலு பெரிதும் குறையாமல் தாண்ட வேண்டும் என்பது விதி. அது தாண்டியது.

இப்போது ஸ்டட்டுக்கு வருவோம். அந்தக் கறுத்த இரண்டடியில் மேல் ஃபிளாஞ்ச் ஈல்டு நீட்சியைப்போலப் பல மடங்கு நீண்டு சுருங்குகிறது. அதே பரப்பில் ஒரு 19 மி.மீ. ஸ்டட்டைச் சுட்டு ஒட்டினால் என்ன ஆகும்? ஸ்டட் துப்பாக்கி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஸ்டீலை உருக்கி ஒட்டுகிறது. சுற்றியுள்ள தடித்த ஃபிளாஞ்ச் அந்த வெப்பத்தை உடனே உறிஞ்சுவதால் அந்த வட்டம் சட்டென்று குளிர்ந்து, கெட்டியாக, உடையும் தன்மையோடு நிற்கிறது. வெல்டிங் விளிம்பே ஒரு சின்ன வெட்டு. திரும்பத் திரும்ப நீளும் இடத்தில் பிளவுக்கு விதை அது. சோதனைகளில் ஸ்டட் வெல்டிங்கிலிருந்தே பிளவு தொடங்கிய பின்தான் அமெரிக்க ஸ்டீல் கட்டுமான அமைப்பின் நிலநடுக்க விதிநூலான ஏ.ஐ.எஸ்.சி. 341 இந்தப் பகுதியில் ஸ்டட்டைத் தடை செய்தது. ஆக, வலுவைக் குறைப்பதற்காக மட்டும் அங்கே ஸ்டட்டை விலக்கவில்லை. நீளவேண்டிய ஸ்டீலில் காயம் படக்கூடாது என்பதுதான் முதல் காரணம். அதனால்தான் அந்தப் பகுதியில் குழாய்த் தொங்கலுக்கான கிளிப், தற்காலிக வெல்டிங், துளை எதுவுமே கூடாது என்கிறார்கள். டெக் ஷீட்டைப் பிடிக்கிற பொட்டு வெல்டிங்குக்கு விலக்கு உண்டு. துப்பாக்கி ஆணிக்கு எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள், விதி மாறியிருக்கிறது.

நான் இருந்த ஒரு சைட்டில் இது தவறிப்போனது. டெக் விரித்தபின் பீம் கண்ணுக்குத் தெரியாது, ஷீட்டுக்கு அடியில் போய்விடும். ஸ்டட் அடிக்கிற ஆள் டெக் மேல் சாக்குக்கட்டிக் கோடு போட்டுக்கொண்டு 300 மி.மீ. வீதம் தூண் வரை போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, பாதுகாக்கப்பட்ட பகுதியை டெக் மேல் யாரும் பெயின்ட் அடித்துக் காட்டவில்லை. அவர் கையிலிருந்த தளப் படத்திலும் அந்தக் கோடு இல்லை. மறுநாள் காலை நான் சுத்தியலோடு போனேன். பீங்கான் வளையங்களை உடைத்து, ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் முழு வட்டமாகப் பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகமானதை அடித்து 15 டிகிரி வளைத்துப் பார்ப்பது வழக்கம். அடித்த அடிக்கு எல்லா ஸ்டட்டும் கணீரென்று நன்றாக நின்றன. தவறான இடத்தில் நன்றாக நின்றன. 36 முனைகளில் டெக்கை வெட்டி, ஸ்டட்டை அறுத்து, வேர்வரை அரைத்துச் சமன்படுத்தி, காந்தத்தூள் சோதனை செய்து எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. டிராயிங்கில் ஒரு கோடு விடுபட்டதற்கான கூலி அது.

அடுத்து அந்த 25 மி.மீ. சந்து. சிலாப் தூணில் முட்டினால்தான் அதிக மொமென்ட் வரும், நியூட்ரல் ஆக்சிஸ் ஏறும் என்று பார்த்தோம். முட்டாமல் செய்துவிட்டால் இரண்டும் இல்லை. 25 போதுமா என்று நீங்களே பார்க்கலாம். 0.04 ரேடியன் திரும்பும்போது, பீம் நடுவிலிருந்து சிலாப் நடுவுக்குத் தூரம் 290 மி.மீ. என்றால் சிலாப் நகர்வது சுமார் 12 மி.மீ. சந்து மூடாது. அதே அமைப்பின் இணைப்புகளுக்கான விதிநூலான ஏ.ஐ.எஸ்.சி. 358 இந்தச் சந்தை எல்லா இணைப்புக்கும் கேட்கவில்லை. போல்ட் போட்ட எண்ட் பிளேட் இணைப்புக்குக் கேட்கிறது, அதோடு தூண் முகத்திலிருந்து பீம் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் ஸ்டட் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. டாக்போனோடு சந்தும் விடுவது உங்கள் பொறியாளரின் எச்சரிக்கை என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் நல்ல எச்சரிக்கைதான். ஆனால் ஃபோமைச் சரியாகக் கட்டாவிட்டால் காங்கிரீட் போடும்போது சிமென்ட் பால் இறங்கி இறுகி, சந்து படத்தில் மட்டும் இருக்கும்.

ஐரோப்பியர்கள் இதை இன்னும் கறாராக எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய நிலநடுக்க விதிநூலான யூரோகோடு 8-ல் இரண்டு வழி. ஒன்று, சிலாபை ஒதுக்கிவிட்டு ஸ்டீலை மட்டும் கணக்கில் எடுப்பது. அப்படியானால் தூணைச் சுற்றி, பயனுள்ள அகலத்தைப்போல (பீமோடு சேர்ந்து வேலை செய்வதாக எடுக்கிற சிலாப் அகலம்) இரண்டு மடங்கு விட்டமுள்ள வட்டத்துக்குள் சிலாப் எந்த ஸ்டீலின் நின்ற முகத்தையும் தொடக் கூடாது. ஸ்டட், டெக் ஆணிகூட இருக்கக் கூடாது. இல்லாவிட்டால், சிலாபையும் முழுக்கச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஸ்டட் இணைப்பு குறைந்தது எண்பது சதவீதம் வேண்டும், ஒவ்வொரு ஸ்டட்டின் வலுவையும் 0.75-ஆல் பெருக்க வேண்டும், காங்கிரீட் நொறுங்கும் முன் ஸ்டீல் ஈல்டு ஆகும்படி நியூட்ரல் ஆக்சிஸின் ஆழத்துக்கும் வரம்பு உண்டு. தூணருகே தனிக் கம்பிகள் வேண்டும். இரண்டுக்கும் நடுவில், கணக்கில் விட்டுவிட்டு சைட்டில் ஒட்டவைப்பதற்கு இடமில்லை. நார்த்ரிட்ஜில் நடந்தது அந்த நடுவழிதான். எனக்கு இந்த ஐரோப்பிய அணுகுமுறை பிடிக்கும், அந்த வட்டத்தைச் சைட்டில் நிறைவேற்றுவது பெரும்பாடு என்றாலும்.

அப்படியானால் மற்ற இடத்து ஸ்டட்டுக்கு நிலநடுக்கத்தில் வேலை இல்லையா? நிறைய இருக்கிறது. கட்டடத்தின் எடையில் பெரும்பகுதி சிலாபில். நிலநடுக்க விசை பிறப்பதே அங்கேதான். அதைச் சட்டகத்துக்கு இழுத்துக் கொண்டுவருவது ஸ்டட்கள். இரண்டு பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் நடுவே 300 மி.மீ.க்கு மிகாமல் ஸ்டட் இருந்தால், டாக்போன் அருகே பீமைப் பக்கவாட்டில் பிடிக்கத் தனி பிரேசிங் தேவையில்லை என்று ஏ.ஐ.எஸ்.சி. 358 சொல்கிறது. உங்கள் படத்தில் வருகிற 300 அதனால் வந்ததாக இருக்கலாம். எனவே டெக் மடிப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை 320 என்று நகர்த்திவிடாதீர்கள். சிலாப் மேல் ஃபிளாஞ்சைப் பிடித்துக்கொள்வதால் பீம் முறுக்கிக்கொள்வதும் குறைகிறது. சிலாபோடு சோதித்த பீம்கள் தனி பீம்களைவிட மெதுவாக வலு இழப்பதை இதனால்தான் பார்க்கிறோம். துணையா சுமையா என்று கேட்டால், ஒரே சிலாப் நடுவில் துணை, முனையில் கணக்கில் வராத சுமை.

தெளிவில்லாத பகுதிகளும் உண்டு. கணினி மாதிரியில் பீமுக்கு எவ்வளவு விறைப்பு கொடுப்பது என்பது அதில் ஒன்று. ஒரு முனையில் சிலாப் அழுத்தம், மறு முனையில் விரிசல். யூரோகோடு 60 சதவீதம் அழுத்த நிலை, 40 சதவீதம் விரிசல் நிலை என்று கலந்து ஒரே மதிப்பு கொடுக்கிறது. அது கைக்கு வசதியான சராசரி. ஸ்டட் வலுவை எத்தனை ஆட்டத்துக்குப் பின் எவ்வளவு குறைப்பது என்பதும் அப்படித்தான். அமெரிக்கக் கோடும் ஐரோப்பியக் கோடும் கால்பங்கு என்ற ஒரே எண்ணில் நிற்பதால் அது இயற்கை விதி ஆகிவிடாது. காங்கிரீட் நிரப்பிய தூண்களோடு வருகிற இணைப்புகளில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு, அதைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

சென்னைக் கட்டடத்துக்கும் இது பொருந்துமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஐ.எஸ். 1893-ன் 2002 திருத்தத்தில் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு வந்தது, அதில் மண்டலக் காரணி 0.16. ஆனால் ஸ்டீல் காம்போசிட் தளமும் நடுவில் காங்கிரீட் கோர் சுவரும் கொண்ட கட்டடமானால், பக்கவாட்டு விசையைச் சுவர் எடுத்துக்கொள்கிறது. பீம் முனைகள் சாதாரண ஷியர் இணைப்பு. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதி என்று ஒன்று இல்லை, ஸ்டட்டைத் தூண் வரை அடிக்கலாம். பார்க்க வேண்டியது, சிலாபிலிருந்து கோர் சுவருக்கு விசை போகிற வழியைத்தான். மொமென்ட் சட்டகமாகவே போட்டால், காம்போசிட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 11384-ன் 2022 பதிப்பையும் ஸ்டீல் கட்டடங்களின் நிலநடுக்க விவரணைக்கான ஐ.எஸ். 18168-ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் டிராயிங்குக்கு இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாதுகாக்கப்பட்ட பகுதியின் நீளத்தைத் தூண் முகத்திலிருந்து அளவு போட்டு, பீம் படத்தில் மட்டுமல்லாமல் ஸ்டட் தளப் படத்திலும் டெக் படத்திலும் காட்டுங்கள். சைட்டில் துப்பாக்கி பிடிக்கிறவர் கையில் இருப்பது அந்த இரண்டு படங்கள்தான். விலக்கிய ஸ்டட்களை மீதி நீளத்தில் சேர்க்க வேண்டுமா, சந்துக்குள் கம்பி தொடர்ந்து போகலாமா என்ற இரண்டையும் நீங்களாக முடிவு செய்யாமல் ஆர்.எஃப்.ஐ. (பொறியாளரிடம் விளக்கம் கேட்கும் கடிதம்) போட்டுக் கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். சந்து அழுத்தத்தைத்தான் நிறுத்தும். தூணை ஒட்டித் தொடர்ந்து போகிற கம்பி மறுபக்க ஆட்டத்தில் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அந்த 475-ஐ நாம் கணக்குப் போட்டதே அந்தக் கம்பியை வைத்துத்தான்.